ஒட்டுதல் தவிர்ப்பு விதி

லிஃப்டில் மாட்டிக்கொண்ட இயக்குநரை நான் வேண்டுமென்றே இரண்டு மணி நேரம் உள்ளேயே வைத்திருந்தேன் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. சுத்தப் பொய். ஒரு மணி ஐம்பது நிமிடம்தான். அந்த நேரத்திலும் நிலையத்தின் விதிகளில் ஒன்றைக்கூட நான் மீறவில்லை. மீறியிருந்தால் பத்தே நிமிடத்தில் வெளியே வந்திருப்பார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆளுமை நல நிலையம் என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டிய நாலு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைப் பதினோரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது அது எப்படி முனகும், மழைக்காலத்தில் எந்தக் கதவு அடம்பிடிக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. புதிதாக ஒருத்தன் வந்தால் அது எங்கே முனகுகிறது என்று கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு நாள் போய்விடும்.

அந்த நிலையத்துக்கு என் தங்கையையும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பாவத்தைத்தான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

அவளுக்கு வயது இருபத்தாறு. வீட்டில் பாப்பா. அவளுக்கு ஒன்றுமே இல்லை, டாக்டர்கள்தான் கிளப்பிவிட்டார்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இருக்கிறது. ஒருத்தரைப் பிடித்துப்போனால் காலையில் அவர்தான் உலகம். சாயங்காலம் அவர் போனை எடுக்கவில்லை என்றால் அவரைப் போலத் துரோகி எங்குமே கிடையாது. ஒருமுறை லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று நான் வேலை பார்த்த முக்கால் மணி நேரத்துக்குள் நாற்பத்தோரு தடவை கூப்பிட்டிருந்தாள். இறங்கி வந்து பேசினால் முதல் கேள்வி, "நான் செத்தாதான் எடுப்பியா?" இரண்டாவது கேள்வி, "சாப்பிட்டியா அண்ணா?" மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. அவ்வளவு பொறுமையான கை. அதே கைதான் ஒரு நாள் முதலாளியின் மேஜைக் கண்ணாடியை உடைத்துவிட்டு, தன்னையும் கிழித்துக்கொண்டது.

நிலையத்துக்குள் போனால் முதலில் பதிவேட்டுக்காரர். இரண்டு பேனாவை நூலில் கட்டி மேஜையோடு பிணைத்திருப்பார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒன்பது கேள்வித் தாள் ஒன்றை நீட்டுவார். கைவிடப்படுவோம் என்ற பயம் உண்டா, ஒருவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடிவிட்டு உடனே தூற்றுவது உண்டா, தான் யாரென்றே புரியாத நிலை உண்டா, யோசிக்காமல் காரியம் செய்வது, தன்னைக் காயப்படுத்துவது, மனம் ஏறி இறங்குவது, உள்ளே வெறுமை, அடங்காத கோபம், நெருக்கடியில் எல்லோர்மேலும் சந்தேகம். ஐந்துக்கு டிக் விழுந்தால் ஃபைல். பாப்பாவுக்கு எட்டு விழுந்தது.

"எண் போட்டாச்சு," என்றார். "இனிமே வாராவாரம் வரணும். ஒரு வாரம் வரலைன்னா 'சிகிச்சையை மறுப்பவர்'னு சிவப்பு முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்பிடுவேன்."

"ஏதாவது தப்பா எழுதியிருந்தா அழிக்கலாம் இல்லீங்களா?"

விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். விதி ஒன்று: இந்தக் கட்டடத்துக்குள் உதவி கேட்கும் எவருக்கும் முதலில் ஒன்பது கேள்வித் தாள் நிரப்பப்பட வேண்டும், போட்ட எண்ணை அழிக்க எவருக்கும் அதிகாரமில்லை, இயக்குநர் உட்பட எவருக்கும் விலக்கு இல்லை. கீழே பச்சை மையில் இயக்குநரின் கையெழுத்து வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. நாலாம் மாடியில் கடைசி அறையில் ஒரு மேடம். அவர்தான் எனக்கு விஷயத்தைப் புரிய வைத்தார்.

"இது பைத்தியமும் இல்ல, திமிரும் இல்ல. சின்னச் சங்கதியும் இவங்களுக்குப் பெருசா வலிக்கும். வலிச்சா அடங்க நேரமாகும்."

"எடை சென்சார் ரொம்ப நுணுக்கமா வெச்சுட்டா ஒரே ஆள் ஏறினாலும் லிஃப்ட் அலறும் மேடம். பெட்டி நல்ல பெட்டிதான்."

"அதேதான். மாத்திரை கொஞ்சம் கைகொடுக்கும், அதுவே குணப்படுத்தாது. இவங்களுக்கு வேண்டியது ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷம். அலை வர்றப்ப அதுக்குப் பேர் வைக்கக் கத்துக்கணும், பத்து நிமிஷம் தள்ளிப்போடக் கத்துக்கணும். நிறையப் பேர் நல்லாயிடறாங்க. உங்க தங்கச்சியும் ஆவா."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நாலாவது வாரம் போனால் மேடம் இல்லை. மேடம் அறையில்தான் இருந்தார், பாப்பாவுக்கு இல்லை. விதி பதினாலு, ஒட்டுதல் தவிர்ப்பு விதி: எந்த நோயாளியும் ஒரே ஆலோசகரை மூன்று வாரத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. நேரே இயக்குநர் அறைக்குப் போனேன். சுவர் முழுக்க அவர் படம்தான். ஒரு படத்தில் அவரே அவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொள்வது போல இருந்தது; உற்றுப் பார்த்தால் பக்கத்து ஆளை வெட்டி எடுத்திருந்தார்கள்.

"உக்காருங்க தம்பி," என்றார். "கைவிடப்படுவோமோங்கற பயம் இவங்களுக்கு அதிகம். ஒருத்தரோட ஒட்டிக்கிட்டா, அவர் போறப்ப வலிக்கும். அதனால ஒட்டறதுக்கு முன்னாடியே நாங்க போயிடறோம். இது முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு."

"சார், அப்ப அவ எப்பவும் யாராவது போறதையே பாத்துட்டு இருப்பாளே?"

"பழகிடும்," என்றார். அவ்வளவு கனிவாகச் சொன்னார், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வாசல் தாண்டின பிறகுதான் எதற்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது.

ஒரு வருஷத்தில் பதினேழு ஆலோசகர்கள். ஒவ்வொருத்தரும் புது நோட்டைத் திறந்து, "முதல்ல இருந்து சொல்லுங்க" என்பார்கள். முதலில் இருந்து என்றால், எங்கள் அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை பால் வாங்கப் போய்த் திரும்பாதது. பாப்பாவுக்கு அப்போது ஆறு வயது. பிறகு சித்தி வீடு, பெரியம்மா வீடு, மறுபடி சித்தி வீடு. முதல் தடவை அதைச் சொல்ல அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பன்னிரண்டாவது ஆளிடம் பஸ் வருகிற நேரம் சொல்வது போல நாலு நிமிஷத்தில் முடித்தாள். "உணர்ச்சியற்றுப் பேசுகிறார்" என்று எழுதினார் அவர். பதிமூன்றாவது ஆளிடம் அழுதாள். "மிகையாக உணர்ச்சிவசப்படுகிறார்." பதினாலாவது ஆள் எழுதியதை நான் என் கண்ணால் பார்த்தேன்: "எல்லோரும் தன்னை விட்டுப் போய்விடுவார்கள் என்ற ஆதாரமற்ற பயம் உள்ளது. குறிப்பு: இன்றுடன் இந்நோயாளியின் பொறுப்பிலிருந்து விடுபடுகிறேன்."

இதற்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. கடைசி அறை மேடத்திடம் நிரந்தரமாகச் சேர வேண்டுமா? தொண்ணூறு நாள் எந்தக் கலவரமும் இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். நிதான விதி என்று பேர்.

பாப்பா இருந்து காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தொண்ணூறு நாள். கோபம் வந்தால் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். எனக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தால் போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள். காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்தாள். தொண்ணூற்றோராம் நாள் தலைவாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நிலையத்துக்கு எனக்கு முன்னால் போய் நின்றாள்.

பதிவேட்டுக்காரர் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். "தொண்ணூறு நாட்கள் நிதானமாக இருந்ததால் தங்களுக்குச் சிகிச்சை தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்டு ஃபைல் மூடப்படுகிறது. வாழ்த்துகள்." பச்சை மை.

அன்று மத்தியானம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் கதவையே கழற்றி உள்ளே போனேன். அதற்கு மேல் எழுத மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. உயிரோடு இருக்கிறாள். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள்: "இன்னொரு தடவை முதல்ல இருந்து சொல்லச் சொன்னா, என்னால முடியாதுண்ணா. அதோட முடிஞ்சுது." சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

வேறு போக்கிடம் இல்லாமல், ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொல்லி நாங்கள் போன அன்றுதான் நிலையத்தின் ஆண்டு விழா. நாலாம் மாடி அரங்கில் இயக்குநரின் பேருரை. தலைப்பு: "கைவிடப்படும் பயம்: ஒரு வீண் கற்பனை." கீழே ஹாலில் பெஞ்சுகளில் எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். பாப்பாவின் மடியில் அதே ஒன்பது கேள்வித் தாள், புதுசு. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடுத்து வரப்போவது பதினெட்டாவது ஆள்.

அப்போது கட்டடம் ஒரு தரம் முனகி நின்றது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

இங்கே என் தொழில் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதவு சாத்தியிருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு சின்னத் தகடு உண்டு, காண்டாக்ட் என்போம். அது தேய்ந்துபோனால் லிஃப்ட் நட்ட நடுவில் நின்றுவிடும். மூன்றாம் மாடிக் கதவில் அது தேய்ந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று லிஃப்ட் பதிவுப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதியிருந்தேன். மூன்றாவது தடவைக்குப் பச்சை மையில் பதில் வந்தது: "மெக்கானிக் மிகைப்படுத்துகிறார். கவனத்தை ஈர்க்கும் முயற்சி. கண்டுகொள்ள வேண்டாம்."

பதிவேட்டுக்காரர் மேஜையில் இன்டர்காம் அலறியது. லிஃப்ட் இன்டர்காமின் ஸ்பீக்கர் ஹாலுக்கே கேட்கும்.

"நான் இயக்குநர் பேசறேன்! லிஃப்ட் நின்னுடுச்சு! எவனாவது வாங்கடா!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாவி என்னிடம்தான் இருந்தது. விளக்கு எரிகிறதா, விசிறி ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டும் சரியாக இருந்தன. பெட்டி விழாது, மூச்சு முட்டாது, அவருக்கு நெஞ்சு வலியும் இல்லை, சர்க்கரையும் இல்லை. அதையும் கேட்டேன். தொழில் தர்மத்தில் நான் கை வைக்க மாட்டேன்.

அப்புறம் பதிவேட்டுக்காரரிடம் கேட்டேன். "இந்தக் கட்டடத்துக்குள்ள ஒருத்தர் உதவி கேட்டா விதிப்படி முதல்ல என்ன செய்யணும்?"

அவர் என்னைப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் பார்த்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு நூலில் கட்டிய பேனாவை அவிழ்த்துப் பாப்பாவின் கையில் கொடுத்தார். பதினோரு வருஷத்தில் அவர் அதை அவிழ்த்து நான் பார்த்ததே இல்லை.

"சார், மெக்கானிக் பேசறேன்," என்றேன். "உங்க பேரு, வயசு சொல்லுங்க."

"என்னது? நான் யாருன்னு தெரியாதா உனக்கு?"

"உங்களுக்குத் தெரியுதா சார்? மூணாவது கேள்வி அது."

"விளையாடறியா? மேல நூறு பேர் எனக்காகக் காத்திருக்காங்க!"

"சரி சார், நிதானமா முதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பியது, லிஃப்டில் ஏறியது, நின்றது. நான் எல்லாம் கேட்டு, உம் கொட்டி, பத்து நிமிஷம் ஆனதும், "ரொம்ப நல்லாப் பேசினீங்க சார். இத்தோட நான் விடைபெறுகிறேன், அடுத்த ஆள் வருவார்," என்று பெஞ்சில் இருந்த குடைக்காரம்மா கையில் இன்டர்காமைக் கொடுத்தேன். அந்த அம்மாள் மூன்று வருஷமாக அங்கே வருகிறவர்.

"வணக்கம் சார். நான் புதுசு. முதல்ல இருந்து சொல்றீங்களா?"

"மெக்கானிக் எங்கம்மா? அவன் இப்பத்தானே இருந்தான்?"

"அவரோட நீங்க ஒட்டிக்கக் கூடாதுல்ல சார்."

"ஏய், அவனைப் போகச் சொல்லாதே! போயிடப் போறான்! அவன்கிட்டதான் சாவி இருக்கு!"

"முதல் டிக்," என்றாள் பாப்பா. முகத்தில் ஒரு சலனம் இல்லை.

அப்புறம் தொப்பிக்காரர், அதற்கப்புறம் இரட்டைச் சடைப் பெண், அதற்கப்புறம் திக்குவாய் வாத்தியார். ஒவ்வொருத்தரிடமும் அவர் வீட்டிலிருந்து கிளம்பிக் கிளம்பி வந்தார். வாத்தியார் திக்கித் திக்கி "மு... மு... முதல்ல இருந்து" என்று கேட்டு முடிப்பதற்குள் உள்ளே உதைக்கிற சத்தம் கேட்டது. அடங்காத கோபம், டிக். மறுபடி நான் பேசியபோது, "மெக்கானிக், உன்னைப் போல ஒரு மனுஷன் உண்டா, நீ தெய்வம்யா" என்றார். "விதிப்படி திறக்க முடியாது சார்" என்றதும் "பொறுக்கிப் பயலே" என்றார். தூக்கி வைத்துத் தூற்றுதல், டிக். "எனக்கு எதிரா நீங்க எல்லாரும் கூடிப் பேசி வெச்சிருக்கீங்க." சந்தேகம், டிக். அவர் கத்துவார், கெஞ்சுவார், திடீரென்று கம்பீரமாக உரையை ஆரம்பிப்பார், பாதியில் விசும்புவார். மனம் ஏறி இறங்குதல், டிக்.

"அஞ்சு," என்றாள் பாப்பா.

"சார், ஃபைல் திறந்தாச்சு," என்றேன். "இனிமே நிதான விதி. பத்தே பத்து நிமிஷம், மணி அடிக்காம, உதைக்காம, கத்தாம இருந்து காட்டுங்க. உடனே பார்க்கறோம்."

இருந்து காட்டினார். பதினோரு பேரும் ஹால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷம் ஒரு இருமல்கூட இல்லை. எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். தொண்ணூறு நாள் கண்ணால் பார்த்தவன் நான்.

"முடிஞ்சுதா?" சின்னக் குரலில் கேட்டார். "நான் ஒழுங்கா இருந்தேன் இல்ல?"

"அருமையா இருந்தீங்க சார். இவ்வளவு நிதானமா இருக்கற உங்களுக்கு உதவியே தேவையில்லைன்னு தீர்மானிச்சிருக்கோம். வாழ்த்துகள்."

இன்டர்காமை வைத்தேன். ஹாலில் பதிவேட்டுக்காரர் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள்.

ஸ்பீக்கரில் அவர் இரண்டு தரம் செருமினார். பிறகு, "யாராவது இருக்கீங்களா?" என்றார். "திறக்க வேண்டாம். சும்மா யாராவது ஒருத்தர் இருங்க. ஒரே ஒருத்தர்." அழுகிறார் என்று தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இனித்தது. இன்னும் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

பாப்பாதான் எழுந்து வந்தாள். "போதும்ணா" என்று என்னைத் தள்ளிவிட்டு இன்டர்காமை எடுத்தாள்.

"சார், நான் இருக்கேன். எங்க அண்ணன் மேல போறான், கையால சக்கரத்தைச் சுத்தித்தான் பெட்டியை இறக்கணும், கொஞ்ச நேரம் ஆகும். கதவு திறக்கற வரைக்கும் நான்தான் பேசுவேன். வேற யாரும் வர மாட்டாங்க. நீங்க முதல்ல இருந்து சொல்ல வேண்டாம். நான் எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன்."

இந்த வாக்கியங்களில் ஒன்றையாவது அந்தக் கட்டடத்தில் யாராவது அவளிடம் சொல்லியிருக்கலாம். மெஷின் அறைக்கு ஓடினேன். பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைச் சுற்றி, பெட்டியை இரண்டாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தேன். இயக்குநரின் டை முதுகுப்பக்கம் போயிருந்தது. என்னைப் பார்க்காமல் இன்டர்காம் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாப்பா அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொன்னாள். நான் கிழிக்கவில்லை. நேரே பதிவேட்டுக்காரரிடம் கொடுத்தேன். எண் போட்டார்.

இயக்குநர் மறுநாளே அதை அழிக்கச் சொல்லி எகிறியிருக்கிறார். பதிவேட்டுக்காரர் விதி ஒன்றைத் திருப்பிக் காட்டினாராம். என்னை வேலையைவிட்டு நீக்கவும் பார்த்தார். அதற்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் லிஃப்ட் பதிவுப் புத்தகத்தை மேலிடம் கேட்கும், அதில் பச்சை மை இருக்கிறது. வாராவாரம் ஆலோசனைக்கு வரவில்லை என்றால் சிவப்பு முத்திரை. வந்தார். முதல் ஆளிடம் மூன்று வாரம் தன் பட்டங்களைச் சொன்னார். இரண்டாவது ஆளிடம் மூன்று வாரம் எங்களைத் திட்டினார். மூன்றாவது ஆளிடம், கடைசி வாரத்தில், கடைசிப் பத்து நிமிஷத்தில், தன் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாராம். நேரம் முடிந்துவிட்டது. பத்தாம் வாரம் நாலாவது ஆள் புது நோட்டைத் திறந்து, "முதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றாராம்.

அன்று மத்தியானமே சுற்றறிக்கை வந்தது. "ஒரே ஆலோசகரிடம் தொடர்ந்து பேசுவதில் சில நன்மைகள் இருக்கக்கூடும் என்று இயக்குநர் முதன்முதலாகக் கண்டறிந்திருப்பதால், ஒட்டுதல் தவிர்ப்பு விதியும் நிதான விதியும் இன்றே ரத்து." முதலில் அவர் தனக்காக மட்டும்தான் ரத்து செய்ய நினைத்தார். எவருக்கும் விலக்கு இல்லை என்று பதிவேட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

இந்தப் பத்து வாரமும் பாப்பாவை நான் நிலையத்துக்குக் கூட்டிப் போகவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தேன். பதினோராம் வாரம் செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு, கடைசி அறை மேடம் கதவைத் திறந்து, "வா பாப்பா, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிப்போம்" என்றார். அவள் நோட்டு அப்படியே வைத்திருந்தார். நாலாவது செவ்வாய் அன்று அறை வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள், எட்டிப் பார்த்தாள், அதே முகம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது ஏழு மாதம். நடுவில் இரண்டு தடவை விழுந்தாள், எழுந்தாள். போன வாரம் நான் போனை எடுக்கவில்லை. மூன்று தடவைதான் கூப்பிட்டிருந்தாள்.

அவளுக்கு அடுத்து, பன்னிரண்டு மணிக்கு, அதே அறையில் இயக்குநர். அறை வாசல் பெஞ்சில் எங்கள் பக்கத்தில்தான் உட்காருகிறார். பாப்பாவிடம்தான் அதிகம் பேசுவார். "அடுத்த செவ்வாயும் வருவே இல்லம்மா?" "வருவேன் சார்." அவளுக்கு அவர்மேல் கோபம் இல்லையாம். நல்ல மனசு.

எனக்கு அந்த மாதிரி மனசு கிடையாது. மூன்றாம் மாடிக் காண்டாக்டை நான் லிஃப்ட் நின்ற மறுநாளே, லீவு போடும் முன்பே மாற்றிவிட்டேன். லிஃப்ட் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆனால் இயக்குநர் அதில் ஏற மாட்டார். நாலு மாடியும் படியேறி, மூச்சு வாங்க வந்து உட்காருவார். ஒவ்வொரு செவ்வாயும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"என்னப்பா, லிஃப்ட் இப்பவாவது சரியாயிடுச்சா?"

"எதையும் மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை சார்," என்பேன்.